ஒரே வண்டி போதுமா?

ஸைக்கிள் பிரியர்களிடையே ஒரு விசித்திரமான அட்சர கணிதம் வழங்கி வருகிறது. ஒருவர் எத்தனை வண்டி வைத்துக்கொள்ளலாம்? இப்போது இருப்பவை எத்தனையோ அத்தனையும், அதற்கு மேல் ஒன்றும் என்பது சூத்திரம். இந்தச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் ஒன்பதாம் வகுப்புப் பையன்கூடச் சிரிப்பான். இதற்கு விடையே கிடையாது, வாங்கிக்கொண்டே போகவேண்டியதுதான். இதற்கு ஒரு துணைச் சூத்திரமும் உண்டு. வீட்டுக்காரி கோபித்துக்கொண்டு பிறந்தகம் போய்விடும் எண்ணிக்கை எதுவோ, அதிலிருந்து ஒன்று குறைத்துக்கொள்ள வேண்டுமாம்.

வேடிக்கைப் பேச்சுத்தான். ஆனாலும் ஐக்கிய அமெரிக்காவில் ஓரளவு வசதியுள்ள ஒரு ஸைக்கிள் பிரியரின் கொட்டகைக் கதவைத் திறந்து பார்த்தால் வேடிக்கை மெய்யாகி நிற்பதைக் காணலாம். தார் ரோட்டில் பறப்பதற்கு மெல்லிய டயர் போட்ட பந்தய வண்டி ஒன்று. சரளைக்கல் பாதைக்குச் சற்றே தடித்த டயருடன் இன்னொன்று. மலையேறுவதற்கு முன்புறம் மட்டும் ஸ்பிரிங் வைத்தது ஒன்று. மலையிறங்குவதற்கு முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்தது ஒன்று. பனியிலும் மணலிலும் புதையாமல் போவதற்கு நாலு அங்குல டயர் மாட்டியது ஒன்று. கடைக்குப் போய்க் கறிகாய் வாங்கி வருவதற்குக் காரியர் வைத்தது ஒன்று. ஆக ஆறு வண்டிகள். ஏறி உட்காருகிற ஆள் ஒருவர்.

இந்த ஆறு வண்டிகளின் வேலையையும் நான் ஒருவனே பார்த்துவிடுகிறேன் என்று சொல்வதுபோல ஒரு வண்டி சில காலமாக அந்நாட்டில் பேசப்பட்டு வருகிறது. ஓரிகன் மாகாணத்தில் மெட்போர்ட் என்னும் ஊரிலிருந்து ஜெப் ஜோன்ஸ் என்பவர் செய்து விற்கும் மலை ஸைக்கிள் அது. மலை ஸைக்கிள் என்பது பெயர்தானே ஒழிய, இக்காலத்து மலை ஸைக்கிள்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஏதோ வழி தவறி வந்த ஜந்துவாகத் தோன்றும். ஸ்பிரிங் என்பது மருந்துக்கும் இல்லை. பெடல் அச்சுக்கும் பின் சக்கரத்தின் மையத்துக்கும் இடையே மற்ற மலை வண்டிகளில் பதினேழு அங்குலமும் சில்லறையும் இருக்குமானால், இவருடைய நீண்ட வண்டியில் 19 அங்குலம் இருக்கிறது. ஹாண்டில்பார் இரு பக்கமும் 45 டிகிரி பின்னோக்கி வளைந்து வந்து, ஓட்டுகிறவரின் கைகளைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. முன்னால் ஒரு வளையமும் உண்டு. டயரின் அகலம் 3 அங்குலம். காற்றடைத்து நிறுத்தினால் சக்கரத்தின் உயரம் 30 அங்குலத்தைத் தாண்டும். அவர் செய்த விலை உயர்ந்த பிரேம்களில் குழாய்கள் வில்லைப்போல் வளைந்து செல்கின்றன. முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கோ, ரயில் பாலத்து இரும்புச் சட்டங்களைப்போல் முக்கோணமாகக் கட்டப்பட்டிருக்கிறது.

இப்படிப்பட்ட விபரீத உருவம் ஆறு வண்டிகளுக்கு ஈடாகுமா என்பதே நாம் இவ்வாரம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம். ஸைக்கிளைப் பற்றிய கேள்வி என்று நேயர்கள் இதைத் தள்ளிவிட வேண்டாம். பாத்திரங்களும் புடவைகளும் பேனாக்களும் வீட்டில் பெருகுகிற விதமும் இதுவேதான்.

மலை ஸைக்கிளின் பூர்வ கதையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் மரின் ஜில்லாவிலுள்ள டமல்பாயஸ் மலையடிவாரத்தில், 1970-க்குப் பிந்திய ஆண்டுகளில், சில வாலிபர்கள் 1930-களிலும் 1940-களிலும் செய்யப்பட்ட பழைய கனத்த வண்டிகளைத் தேடிப் பிடித்தார்கள். பத்திரிகை போடும் பையன்கள் ஓட்டிக் கழித்த வண்டிகள் அவை. அவற்றைத் தூக்கிக்கொண்டு மலைமேல் ஏறி, ஏறக்குறைய இரண்டு மைலில் 1,300 அடி இறங்கும் ஒரு மண் பாதையில் உருட்டிவிட்டார்கள். 1976-ல் இது பந்தயமாகவே நடந்தது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும் பிரேக் அவ்வண்டிகளில் இருந்தது. ஒரு தடவை இறங்கி வருவதற்குள் சக்கரத்தின் ஹப்பிலுள்ள கிரீஸ் உருகிப் புகைந்துவிடும். பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த தடவை. அந்தப் பாதைக்கு 'மறுபடி அடைப்பு' என்று பொருள்படும்படி 'ரீபாக்' என்றே பெயர் விழுந்தது. 1977-ல் ஜோ பிரீஸ் என்பவர் இந்த வேலைக்கென்றே புதிய பிரேம் செய்தார். 1979-ல் காரி பிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிட்சி செய்துகொடுத்த பிரேம்களைக் கொண்டு வியாபாரம் தொடங்கினார்கள். 1981-ல் ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியார் தொழிற்சாலையில் வைத்துப் பெரிய அளவில் செய்யலானார்கள்.

இங்கே கவனிக்கத் தக்கது ஒன்று. அந்நாட்களில் மலை ஸைக்கிள் என்றால் ஒரே வண்டிதான். மலை ஏறியதும் அதுவே, இறங்கியதும் அதுவே. மறுநாள் காலையில் ரொட்டி வாங்கப் போனதும் அதுவே. 1990-ஐ ஒட்டி ஸ்பிரிங் வைத்த போர்க் சந்தைக்கு வந்தது. அதன் பிறகுதான் ஏறும் வண்டி வேறு, இறங்கும் வண்டி வேறு என்று கிளைகள் பிரிந்தன.

ஸ்பிரிங்கைக் குறை சொல்ல நாம் முன்வரவில்லை. எத்தனையோ பேருடைய எலும்பை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அபிவிருத்தியுடன் கூடவே வேறொன்றும் வந்தது. சக்கரத்தின் அளவு நெடுங்காலம் 26 அங்குலமாக இருந்தது. பிறகு 29 என்றார்கள். அப்புறம் இரண்டுக்கும் நடுவே இருபத்தேழரை என்றார்கள். பின் அச்சின் அகலம் 135 மில்லிமீட்டரிலிருந்து 142 ஆயிற்று. 142 போய் 148 ஆயிற்று. ஒவ்வொரு மாறுதலுக்கும் நியாயமான காரணம் கூறப்பட்டது. ஆனால் ஒவ்வொரு மாறுதலிலும், நேற்று வாங்கிய நல்ல சக்கரம் இன்று வாங்கும் வண்டியில் சேராது என்ற பலனும் தவறாமல் விளைந்தது. தேவையை முதலில் உண்டாக்கிப் பிறகு சரக்கை இறக்குவது என்னும் வித்தை, லங்காஷயர் துணி கட்டிய நமது தேசத்தாருக்குப் புதியதன்று.

ஜோன்ஸ் வண்டி எதைக்கொண்டு வேலை செய்கிறது என்று பார்ப்போம். முதலாவது டயர். பந்தய வண்டியின் மெல்லிய டயரில் சதுர அங்குலத்துக்கு 70, 80 பவுண்டு காற்று அடைக்கிறார்கள். மூன்றங்குல டயருக்கு 10 முதல் 15 பவுண்டு போதும். கல் ஒன்று குறுக்கிட்டால் கெட்டியான டயர் வண்டியையும் ஆளையும் சேர்த்து மேலே தூக்கிப் போடுகிறது. தூக்கின சக்தியெல்லாம் மிதிக்கிறவன் காலிலிருந்து போனதுதான். மெத்தென்ற டயர் அந்தக் கல்லைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டு உருண்டுவிடுகிறது. ஆகையால் கரடுமுரடான பாதையில் அகன்ற டயர் மெதுவானது என்ற பழைய எண்ணம் தவறு. சக்கரம் பெரிதாக இருப்பதால் பள்ளத்தில் விழுவதும் குறைவு. மேட்டில் முட்டுவதும் குறைவு.

இரண்டாவது, உட்காரும் விதம். கையை நேரே நீட்டி ஒரு கம்பைக் குறுக்காகப் பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டு சற்றே திருகிக்கொள்ளும். அதே கைகளை இயல்பாக முன்னால் நீட்டினால் விரல்கள் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்து நிற்கும். பின்னோக்கி வளைந்த ஹாண்டில்பார் அந்த இயல்பான நிலைக்கு ஏற்றது. அது உயர்ந்தும் இருப்பதால் உடலின் பாரம் உள்ளங்கைகளில் இறங்காமல் இடுப்பில் தங்குகிறது. காற்று எதிர்த்தால் முன்னாலுள்ள வளையத்தைப் பிடித்துக் குனிந்துகொள்ளலாம். நாற்பது வயதுக்கு மேல் கழுத்தும் மணிக்கட்டும் வலித்து ஸைக்கிளையே விட்டுவிட நினைத்தவர்களுக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றாது. நீண்ட வண்டியானதால் செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் நிலத்தை விட்டு எழும்புவதில்லை. இறக்கத்தில் தலைகுப்புற விழும் பயமும் குறைகிறது.

மூன்றாவது உதவி ஜோன்ஸ் கண்டுபிடித்ததன்று. 10 பல்லிலிருந்து 50 பல் வரையுள்ள பன்னிரண்டு சக்கரங்களைப் பின்னால் அடுக்கும் கியர் 2016-ல் வந்தது. முன்னால் ஒரே பல்சக்கரம் இருந்தாலும் ஐந்து மடங்கு வித்தியாசம் கிடைக்கிறது. சமவெளியில் ஓடவும் மலையில் ஊர்ந்து ஏறவும் அது ஒன்றே போதும். பிரேக்கும் இப்போது ரிம்மைப் பிடிப்பதில்லை, நடுவிலுள்ள தகட்டைப் பிடிக்கிறது. ஆகவே ஒரே வண்டிக்கு இரண்டு ஜோடிச் சக்கரம் வைத்துக்கொண்டு, ஒன்றில் அகன்ற டயரும் மற்றதில் மெல்லிய டயரும் போட்டு மாற்றிக்கொள்ளலாம். 29 அங்குலம் என்று பெயர் சொல்லும் மலைச் சக்கரமும் பந்தய வண்டிச் சக்கரமும் டயர் உட்காரும் இடத்தில் அளவெடுத்தால் ஒன்றே, 622 மில்லிமீட்டர். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஜோன்ஸ் வண்டியின் முன் ஹப், பனி வண்டியின் ஹப்பைப்போல் அகலமானது. நண்பருடைய வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்றி மாட்டலாம் என்று நினைக்கக் கூடாது. இரண்டாவது ஜோடியையும் தனியாகவே கட்டச் சொல்ல வேண்டும். கம்பெனிக்காரர்களின் அளவு மாற்றங்களிலிருந்து தப்பி வந்தவர், இங்கே ஒரே மனிதருடைய அளவுக்குள் அகப்பட்டுக்கொள்கிறார்.

ஆறு வண்டிகளில் எதை எதை இது வெளியேற்றும்? சரளை வண்டி, காரியர் வண்டி, மலையேறும் வண்டி ஆகிய மூன்றையும் சந்தேகமில்லாமல். பனி வண்டியை, ஆழமான பனியில் வசிக்காதவர்களுக்கு. கனடாவில் பான்பிலிருந்து நியூ மெக்ஸிகோ எல்லை வரை மலைத்தொடரை ஒட்டிச் சுமார் 2,700 மைல் செல்லும் ஒரு ஸைக்கிள் பாதை உண்டு. மண், சரளை, தார், சேறு எல்லாம் மாறி மாறி வரும். பையும் போர்வையும் உணவும் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் இதில் போகிறவர் ஆறு வண்டிகளையும் உடன் கொண்டுபோக முடியாது. அவருக்கு ஸ்பிரிங் இல்லாத, அகன்ற டயருள்ள, நிமிர்ந்து உட்காரக்கூடிய இத்தகைய வண்டியைக் காட்டிலும் வேறொன்றை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம்.

இந்த யோசனை நேற்று முளைத்ததும் அன்று. 1897-ஆம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி, மான்டானா மாகாணத்து மிஸௌலா கோட்டையிலிருந்து இருபது நீக்ரோ சிப்பாய்கள் ஸைக்கிளில் புறப்பட்டார்கள். அமெரிக்கத் தரைப்படையின் 25-வது காலாட்படையைச் சேர்ந்தவர்கள். அவர்களை நடத்திச் சென்றவர் ஜேம்ஸ் மாஸ் என்னும் வெள்ளைக்கார லெப்டினன்ட். போர்க்களத்தில் குதிரைக்குப் பதிலாக ஸைக்கிள் உதவுமா என்று சோதிப்பது நோக்கம். ஸ்பால்டிங் கம்பெனி வண்டிகள். கியர் ஒன்றே, ஸ்பிரிங் கிடையாது. அவற்றில் துப்பாக்கி, கம்பளி, கூடாரம், உணவு எல்லாம் கட்டியிருந்தார்கள். மான்டானாவில் சேறு சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியது. நெப்ராஸ்காவின் மணல் மேடுகளில் வெயிலும் உவர் தண்ணீரும் ஆட்களைச் சாய்த்தன; மணலுக்குத் தப்பி ரயில் பாதையின் கட்டைகள்மேல் அதிர அதிர ஓட்டினார்கள். ஜூலை 24-ந் தேதி செயின்ட் லூயி நகரை அடைந்தார்கள். ஏறக்குறைய 1,900 மைல். அந்தச் சிப்பாய்களுக்கு வேண்டியிருந்தது இரண்டாவது வண்டியா என்றால் அன்று. டயர் இன்னும் இரண்டு அங்குலம் அகலமாக இருந்திருந்தால் நெப்ராஸ்காவில் பாதி சிரமம் குறைந்திருக்கும் என்பது நமது துணிபு. சொந்த நாட்டில் வெள்ளைக்காரருடன் சமமாக உட்காரக்கூட உரிமையில்லாத மனிதர்கள் அந்த நாட்டின் படைக்காக இவ்வளவு தூரம் மிதித்தார்கள் என்பதை, ஸைக்கிள் கணக்குக்கு வெளியேயுள்ளதாயினும், சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இனி நஷ்டப் பக்கம். காற்று என்பது ஏழை பணக்காரன் பார்க்காத வரி வசூலிப்பவன். வேகம் இரட்டித்தால் காற்றை எதிர்க்க வேண்டிய சக்தி எட்டு மடங்காகிறது. மணிக்குப் பத்து மைல் போகிறவருக்கு நிமிர்ந்து உட்காருவதால் பெரிய தீங்கில்லை. இருபது மைல் போக விரும்புகிறவருக்கு அதுவே சுவர். எடையையும் பார்க்க வேண்டும். சர்வதேச ஸைக்கிள் சங்கத்தார் பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள்; அதாவது 15 பவுண்டு. எஃகுப் பிரேம் போட்ட ஜோன்ஸ் வண்டி 30 பவுண்டைச் சுற்றி நிற்கும்.

கடிகாரத்தில் சில நிமிஷம் போனால் போகிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் போவது நிமிஷம் மட்டுமன்று. அமெரிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது முப்பது பேர் பந்தய வண்டிகளில் கூட்டமாகப் புறப்படுவது வழக்கம். ஒருவர் முதுகுக்குப் பின்னால் மற்றவர் ஒட்டிக்கொண்டு காற்றுக்குத் தப்பிப் போவார்கள். பல வருஷமாக அந்தக் கூட்டத்தில் போய் வந்தவர், வண்டிகளையெல்லாம் விற்றுவிட்டு மூன்றங்குல டயருடன் ஒரு ஞாயிறு வந்து நின்றால் என்ன ஆகும்? முதல் மேட்டுக்குள் கூட்டம் கண்ணுக்கு மறைந்துவிடும். அவர்கள் கெட்டவர்களல்ல, ஒரு தடவை நின்று காத்திருப்பார்கள், இரண்டாம் தடவையும் காத்திருப்பார்கள். மூன்றாவது ஞாயிறு இவரே போகமாட்டார். வழியில் பேசிக்கொண்டு போனது, காபிக் கடையில் உட்கார்ந்தது, ஒருவர் வீட்டு நல்லது கெட்டதை மற்றவர் அறிந்தது எல்லாம் அத்துடன் நின்றுபோகும். வண்டி ஒன்றே போதும் என்று உபதேசம் செய்கிறவர்கள் இந்தக் கணக்கைச் சேர்த்துக்கொள்வதில்லை. நமது அபிப்பிராயத்தில், இப்படிப்பட்ட சிநேகம் உள்ளவர் பந்தய வண்டியை விற்கவே கூடாது. சிநேகத்துக்காக ஒரு வண்டி வைத்திருப்பது ஆடம்பரம் ஆகாது.

கனடாவில் விஸ்லர் போன்ற இடங்களில் வண்டியைக் கம்பிவடத் தொட்டிலில் மேலே ஏற்றிவிட்டுச் செங்குத்தாகக் கீழே இறங்குகிறார்களே, அவர்களுக்கும் இது உதவாது. இறங்கிவிடலாம், ஆனால் மெதுவாக, உடம்பெல்லாம் உலுங்க. அந்த ருசி உள்ளவர் வருஷத்தில் எத்தனை நாள் அங்கே போகிறார் என்று விரல் விட்டு எண்ணிப் பார்க்கட்டும். மூன்று நாளானால் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நமது வாசகர்களில் பலர் இவ்வளவையும் படித்துவிட்டு, "பின்னோக்கி வளைந்த ஹாண்டில்பார், பெரிய சக்கரம், நீண்ட உடல், நிமிர்ந்த முதுகு, இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே!" என்று எண்ணக்கூடும். பார்த்ததுதான். பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய நம் தெருக் கறுப்பு வண்டி அது. அதன் 28 அங்குலச் சக்கரத்தை டயர் உட்காரும் இடத்தில் அளந்தால் 635 மில்லிமீட்டர். ஜோன்ஸ் சக்கரத்தைவிட 13 மில்லிமீட்டர் பெரிது. முதலில் ஸீமையிலிருந்து கப்பலில் வந்த அந்த வண்டியை நம் நாட்டிலேயே செய்யும் பொருட்டு, 1949-ல் டி. ஐ. ஸைக்கிள்ஸ் கம்பெனி சென்னையில் தொடங்கப்பட்டது. கியர் கிடையாது, பிரேக் சுமார், ஏற்றத்தில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். ஆனாலும் வாழைத்தாரும் தண்ணீர்க் குடமும் பெண்டாட்டி பிள்ளையும் அதன்மேல்தான் போயின. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டை ஜில்லாவில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஸைக்கிள் கற்றுக்கொண்டார்களே, அவர்களில் சிலர் பெண்கள் வண்டியைக் காட்டிலும் ஆண்கள் வண்டியே மேல் என்றார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அமெரிக்காவில் புதுமை என்று பேசப்படுவதில் பாதி, நம் ஊர்த் தெருவில் சாதாரணம்.

ஆறு வண்டிக்காரருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். முதலில் எதையும் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். ஜோன்ஸ் வண்டி மலிவானதன்று; ஆசையில் வாங்கினால் ஆறு ஏழாகும், மேற்படி சூத்திரம் ஜெயித்துவிடும். இருக்கிற வண்டிகளில் மிக அகன்ற டயர் உள்ளதை வெளியே வைத்துக்கொண்டு, மற்றவற்றை மூன்று மாதம் பூட்டிவிடட்டும். எந்த வண்டிக்காக எத்தனை தடவை சாவியை எடுத்தார் என்று ஒரு நோட்டில் குறித்துவரட்டும். ஒரு தடவையும் கேட்காத வண்டிகளை, பழைய ஸைக்கிள்களைப் பழுது பார்த்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் பொதுக் கூடங்களுக்கு அனுப்பிவிடலாம். அந்நாட்டின் பல நகரங்களில் அவை இருக்கின்றன. ஜோன்ஸ் வண்டி ஒன்றையே நம்பத் தீர்மானிப்பவர், உபரி டியூப், செயின், பிரேக் கட்டை இவற்றுடன் ஒரு முன் ஹப்பும் வீட்டில் வைத்திருப்பது நலம். அது எந்தக் கடையிலும் கிடைக்கிற சாமான் அன்று. அந்த ஒரு வண்டி படுத்துவிட்டால் ஏறுவதற்கு வேறொன்றும் இராது.

காற்றடிக்கும் பம்பையும் மாற்ற வேண்டியிருக்கும். நூற்றறுபது பவுண்டு வரை காட்டும் சாதாரண அளவுமானியில் 12-க்கும் 15-க்கும் உள்ள வித்தியாசம் தெரியாது. எண்பது பவுண்டு டயரில் மூன்று பவுண்டு கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. பன்னிரண்டு பவுண்டு டயரில் அது கால் பங்கு. கூடினால் டயர் பந்தைப்போல் துள்ளும், குறைந்தால் திருப்பத்தில் மடங்கும். ஆகையால் முப்பது பவுண்டுக்கு மேல் காட்டாத சிறிய அளவுமானி ஒன்றைத் தனியாக வாங்கிக்கொண்டு, புறப்படுமுன் ஒவ்வொரு காலையும் முன் டயரையும் பின் டயரையும் அளந்துகொள்ள வேண்டும்; பாரம் அதிகமாக விழும் பின் டயரில் இரண்டு பவுண்டு கூட இருக்கலாம்.